இன்வொலூக்கருக்குத் தமிழ்: 'செதில்வட்டம்'

நண்பர்களே,

கலவை விதைப் பொட்டலத்திலிருந்து முளைத்த, பெயர் தெரியாத ஒரு பூவின் படத்தைப் போட்டு, இது என்ன என்று நம்மில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மூன்று பதில்கள் வந்திருக்கின்றன. மஞ்சள் இதழ், இதழின் அடியில் செம்பழுப்புத் திட்டு, நடுவே கருஞ்சிவப்பு வட்டு. கோரியோப்சிஸ் என்கிறார் ஒருவர், கெய்லார்டியா என்கிறார் இன்னொருவர், ருட்பெக்கியாதான் என்று அடித்துச் சொல்கிறார் மற்றொருவர். மூன்றுமே இப்படிப்பட்ட பொட்டலங்களில் அடிக்கடி வருபவை. நேர்மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பேசினாலும் தீராது. பூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சுற்றி நிற்கும் செதில்களின் வட்டம்தான் இன்வொலூக்கர்.

கோரியோப்சிஸ் டிங்க்டோரியா என்றால், பூவுக்கு அடியில் பச்சைச் செதில்கள் இரண்டு அடுக்காக இருக்கும். வெளியடுக்கு மிகவும் குட்டை. சின்னச் சின்ன முக்கோணங்கள். உள்ளடுக்கு அதைவிட நன்றாக நீண்டு, முடியே இல்லாமல் வழவழவென்று, பழுப்புச் சாயலோடு இருக்கும். கெய்லார்டியாவில் செதில்களின் மேல் முடி தெரியும். பூ முதிர்ந்ததும் அவை கீழ்நோக்கி மடங்கிவிடும். ருட்பெக்கியா ஹிர்ட்டாவிலோ அவை இலையைப் போலவே பச்சையாக, சொரசொரப்பான முடியோடு விரிந்து நிற்கும். விரலால் தடவிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வளவு பயன்படுகிற உறுப்புக்கு நம்மிடம் கைக்கு அடக்கமான ஒரு சொல் இல்லை. இன்வொலூக்கர் என்று எழுதினால் புதிதாகச் செடி வளர்ப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். 'பூவடிச்செதில்களின் வட்டம்' என்று விரித்தால் பொருள் சரிதான், ஆனால் ஒரே பத்தியில் நாலு முறை வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

இதற்குத் தமிழ்ப் பெயராக 'புல்லிக்கூடு', 'பூக்கிண்ணம்', 'தலைச்செதில்' என்று மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. 'புல்லிக்கூடு' எனக்கு ஏற்பில்லை. கேட்க இனிமையாக இருந்தாலும் பொருள் தவறு. இந்த மூன்று செடிகளும் சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சிறுபூக்கள் நெருங்கி உட்கார்ந்த ஒரு தலை. ஓரத்தில் இதழ் என்று எண்ணுவதும் ஒரு முழுச் சிறுபூதான். ஒவ்வொரு சிறுபூவுக்கும் உரிய புல்லிவட்டம் (இதழ்களுக்கு வெளியே இருக்கும் வட்டம்) முடியாகவோ முள்ளாகவோ மெல்லிய தகடாகவோ சுருங்கிவிட்டது. சிலவற்றில் அதுவும் இருக்காது. டேன்டலியன் விதை காற்றில் பறக்கிறதே, அதைத் தூக்கிச் செல்லும் முடிக்கற்றைதான் உண்மையான புல்லி. வெளியே இருக்கும் செதிலுக்குப் புல்லி என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், இந்த முடிக்கற்றையைப் பற்றிப் பேசவே முடியாமல் போகும்.

'பூக்கிண்ணம்' பற்றி: காஸ்மாஸின் வெளிச்செதில்கள் கிண்ணமாகக் குவியாமல் நட்சத்திரம் போல விரிந்து நிற்கும். அதோடு ஓக் மரத்தின் கொட்டையைத் தாங்கும் உறுப்புக்குக் கிண்ணம் என்ற சொல் வேண்டியிருக்கிறது. அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

'தலைச்செதில்' நல்ல முயற்சி. ஆனால் இன்வொலூக்கர் இந்த ஒரு குடும்பத்தின் சொத்து இல்லை. அதே பொட்டலங்களில் வரும் அம்மி மேஜஸைப் பாருங்கள். வெள்ளைக் குடைமஞ்சரி (குடைக் கம்பிகள் போலக் காம்புகள் விரியும் பூங்கொத்து), அதன் காம்புகள் பிரியும் இடத்தில் கிழிந்த இலைகள் போலச் செதில்கள் சுற்றி நிற்கும். அதுவும் இன்வொலூக்கர்தான், அங்கே தலையே கிடையாது.

ஆகவே என் பரிந்துரை 'செதில்வட்டம்'. புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று ஏற்கெனவே பழகிய வரிசையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. செதில்கள் பல அடுக்காக இருந்தால் வட்டம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். கார்ன்ஃபிளவரில், ஓரம் பல் பல்லாக வெட்டுண்ட செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது உண்மை. ஆனால் தாமரையில் இதழ்கள் அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தும் அல்லிவட்டம் என்றுதானே சொல்கிறோம்?

தனிச் செதிலுக்கு, அதாவது ஃபிலரிக்கு, 'வட்டச்செதில்' என்று திருப்பிப் போட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது உருண்டையான செதில் என்று படிக்கப்படும். 'சூழ்செதில்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை, சொல்லவும் எளிது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "செதில்வட்டம் இரண்டு அடுக்கு; வெளிச் சூழ்செதில்கள் குட்டை, உட்சூழ்செதில்கள் நீளம், முடியற்றவை." தங்கு தடையில்லாமல் படிக்க முடிகிறது.

மிச்சம் இருப்பது குடைமஞ்சரியின் உட்குடைகளுக்கு அடியில் வரும் குட்டி வட்டம், இன்வொலூசெல். 'சிறுசெதில்வட்டம்' என்று வைக்கலாம். சிறிய செதில்களின் வட்டம் என்று பிரித்தாலும், செதில்களின் சிறிய வட்டம் என்று பிரித்தாலும் பொருள் பொருந்துகிறது. கேரட், கொத்தமல்லிக் குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதைத் தங்கள் விவரிப்புகளில் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். அப்புறம், செடியை வைத்திருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: பூவின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அது வரும்வரை மூன்று பெயரில் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.