நீக்கினாலும் திரும்பி வந்த மென்பொருள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

அப்பாவின் கணினியில் "கணினியைத் துப்புரவு செய்யும்" மென்பொருள் ஒன்று எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது. சிவப்புப் பட்டை, "1,286 பிழைகள் உள்ளன" என்ற எச்சரிக்கை, சரிசெய்யப் பணம் கட்டச் சொல்லும் பொத்தான் ஆகியவற்றோடு வரும் அந்த வகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ட்ரோல் பேனலுக்குள் போய் இரண்டு முறை நீக்கினேன். இரண்டு முறையும் மறுநாள் அப்பா தொலைபேசியில் அழைத்து, "அது மறுபடியும் வந்திருக்குப்பா" என்றார். இரண்டாம் முறை எனக்கு எரிச்சல் வந்து, "எதையாவது தொட்டீங்களா? கேட்டதுக்கெல்லாம் ஓகே குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, "தெரியலப்பா, குடுத்திருப்பேன் போல" என்றார்.

மூன்றாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் போய் நீக்கினேன். கணினியை மறுபடி தொடங்கிவிட்டு இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். விசைப்பலகையிலும் மவுஸிலும் யார் கையும் இல்லை. சரியாகப் பதினொரு மணிக்குக் கறுப்புச் சாளரம் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. அடுத்த நிமிடமே சிவப்புப் பட்டை வந்து நின்றது. அப்பா என் பக்கம் திரும்பி, "நான் ஒண்ணும் தொடலப்பா" என்றார்.

குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தபோது, ஏதோ ஒரு அப்டேட்டரின் பெயரைப் போர்த்திக்கொண்டு, நாள்தோறும் பதினொரு மணிக்கு ஓட வேண்டிய பணி ஒன்று அங்கே பதிவாகியிருந்தது. புரோகிராம் டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருந்த நிறுவியின் பிரதியை அது இயக்கியது. மென்பொருளை நீக்கும்போது அந்தப் பணியும் பிரதியும் நீங்குவதில்லை. இரண்டையும் அழித்த பிறகு சிவப்புப் பட்டை வரவில்லை. தேடும் பக்கம் மட்டும் இன்னும் வேறெங்கோ போகிறது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதிய மனிதர், தாம் செய்யாத பிழையை "குடுத்திருப்பேன் போல" என்று ஒப்புக்கொண்டது என் மனத்தை விட்டு அகலவில்லை. உங்களில் யாருக்கேனும் வேறு வழியில் இப்படித் திரும்பி வந்ததுண்டா?

லாஸ்பேட்டை

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். பாரிஸிலிருந்து வந்த மாமா தம்முடைய பழைய மடிக்கணினியை அவருக்கென்று விட்டுச் சென்றார். திரையில் எல்லாம் பிரெஞ்சு. விசைப்பலகையில் கூட கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். அதிலிருந்த பாதுகாப்பு மென்பொருள் ஒன்றை நீக்க முயன்று, கடைசிக் கட்டத்தில் வரும் கேள்விக்கு நான்கு முறை "உய்" என்ற பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினேன். "உய்" என்றால் ஆம் என்ற அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். நான்கு முறையும் மென்பொருள் அப்படியே இருந்தது. ஐந்தாம் முறை தாத்தா கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, திரைக்கு அருகில் குனிந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "நீக்கட்டுமான்னு கேக்கலம்மா, பாதுகாப்ப வச்சிக்கிறீங்களான்னு கேக்குது" என்றார். ஓரத்தில் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்த "நோன்" என்ற சொல்லைத்தான் அழுத்தியிருக்க வேண்டும். அதன் பிறகு எந்த மொழியில் கேள்வி வந்தாலும், பொத்தானின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்வியை முழுமையாகப் படித்துவிடுகிறேன்.

அச்சுக்காரர், திருப்பாதிரிப்புலியூர்

மஞ்சக்குப்பம் நண்பர் மூன்று முறை அலைந்திருக்கிறார். முதல் முறையே ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் என்பதே என் கருத்து. எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவர், தேடிக் கிடைத்ததைத்தான் அழிக்க முடியும்.

எனக்கு நேர்ந்தது இது. பத்திரிகை அடிக்கும் எங்கள் தொழிலில் பாமினி எழுத்துருவும் அதற்கான தட்டச்சு மென்பொருளும் இல்லாமல் வேலை நடக்காது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று ஒருநாள் காலையில் அதை நீக்கினேன்; "வெற்றிகரமாக நீக்கப்பட்டது" என்ற செய்தியும் வந்தது. மாலையில் காகிதக் கடைக்குப் பணம் அனுப்ப இணைய வங்கிக்குள் நுழைந்தபோது கடவுச்சொல் தவறு என்று வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் தவறு. பெட்டிக்குள் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் என்ன விழுகிறது என்று பார்க்க வழியில்லை. மூன்றாம் முறையோடு கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பிறகு நோட்பேடைத் திறந்து ஆங்கில ஏ விசையை அழுத்தினேன். திரையில் "ய" விழுந்தது. நீக்கப்பட்ட மென்பொருளின் ஒரு பகுதி நினைவகத்தில் தங்கி விசைகளை இடைமறித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் கைப்பழக்கத்தில் மொழி மாற்றும் விசையைத் தட்டியிருக்கிறேன். அந்த ஒற்றை "ய" இன்றும் கண் முன்னே நிற்கிறது. அன்றிரவே ஃபார்மட் செய்தேன்.

நெல்லிக்குப்பம்

அச்சுக்காரர் ஐயா, ஃபார்மட் என்ற சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தன. சந்தா முடிந்த பழையது நீங்க மறுத்தது. புதியதும் அதுவும் ஒவ்வொரு கோப்பையும் மாறி மாறிச் சோதித்ததால் கணினி தொடங்கி முடிய இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "டேட்டா எதுவும் வேணுமா சார்?" என்று கேட்டார்கள். "எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, சி டிரைவை மட்டும் செய்யுங்கள்" என்றேன். மறுநாள் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது சி மட்டுமே இருந்தது. பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டிருந்தார்கள். வட்டு ஏறத்தாழ முழுவதும் காலி என்று காட்டிய அந்த நீலக் கோட்டை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டுக் கூரை பிய்ந்து, அம்மாவின் அறுபதாம் கல்யாண ஆல்பம் ஊறிப்போயிற்று. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள்தான் மிஞ்சின. அவை அந்த டி டிரைவில் இருந்தன. கடையைக் கேட்டபோது, நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்றார்கள். அழிந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாமல் உடனே நிறுத்தியிருந்தால் ஓரளவு மீட்டிருக்கலாம் என்று பிறகுதான் அறிந்தேன்; அதற்குள் இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டோம். பெரும்பாலான ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளை வேரோடு நீக்குவதற்கென்றே தனிக் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். விண்டோஸை இன்றியமையாதவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் அதை ஓட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

பண்ருட்டி

இருவர் சொல்வதற்கும் இடையில் ஒரு வழி எனக்குக் கிடைத்தது. தங்கையிடம் இருந்தது தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி. உலாவியில் ஒட்டிக்கொண்ட ஒரு கருவிப்பட்டையின் கோப்புறையை அழிக்கப் போனால், "வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்றே சொல்லும். அந்த மடிக்கணினியைப் போட்டதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த லினக்ஸை எங்கள் வீட்டில் ஒருவரும் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன். அதன் வழியாக விண்டோஸ் வட்டுக்குள் போய் அதே கோப்புறையை அழித்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விட்டது. விண்டோஸ் ஓடாதபோது கோப்பைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. மறுபடி விண்டோஸுக்குள் வந்ததும் "கோப்பைக் காணவில்லை" என்று ஒரு செய்தி வந்தது. தொடக்கப் பட்டியலில் எஞ்சியிருந்த வரியை எடுத்ததும் அதுவும் நின்றது.

முத்தியால்பேட்டை

என் கதை சிறியது. விளம்பர மென்பொருள் ஒன்றை நீக்கினேன்; அத்துடன் இணையமும் நின்றது. இணைப்பு கொடுத்தவர்கள் இரண்டு முறை வந்து கேபிளை மாற்றினார்கள். கைப்பேசியில் அதே வைஃபை ஓடிக்கொண்டிருந்ததை என் மகள் காட்டிய பிறகுதான் கோளாறு கணினிக்குள் இருப்பது புரிந்தது. அந்த மென்பொருள் எல்லாப் போக்குவரத்தையும் 127.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது அதே கணினியில் ஓடிய தன்னிடமே, திருப்பி வைத்திருந்தது. ஆள் போன பிறகும் பலகை அங்கேயே நின்றது. இணையப் போக்குவரத்தை வேறு முகவரி வழியாக அனுப்பச் சொல்லும் பிராக்ஸி அமைப்பில் இருந்த குறியை எடுத்தவுடன் இணையம் வந்துவிட்டது.

மேலே எழுதியவர்களைப் படித்தபோது, எல்லோரும் ஒரே வேலையை வெவ்வேறு முனையிலிருந்து தொடங்கியதால் அல்லல்பட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசையை விரிவாக எழுதுகிறேன். முதலில், எதையும் தொடுவதற்கு முன், படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். நெல்லிக்குப்பத்து நண்பரின் இழப்புக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. அடுத்து, சாதாரண முறையிலேயே நீக்கிப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சேஃப் மோடுக்குப் போவது தவறு. விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அங்கே ஓடாது என்பதால், சில மென்பொருள்களின் நீக்கும் நிரலே அங்கே வேலை செய்யாது. சாதாரண முறை தோற்றால் மட்டும் சேஃப் மோடு. விண்டோஸ் 7 வரை எஃப் 8 விசையை அழுத்தி நுழைந்தோம். அதற்குப் பின் வந்தவற்றில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குவதே எளிய வழி.

அதன் பிறகுதான் தேடுதல். தொடக்கப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மஞ்சக்குப்பம் நண்பர் இரண்டாவதைப் பிடித்துவிட்டார். உலாவியின் நீட்டிப்புகளையும், டெஸ்க்டாப்பில் இருக்கும் உலாவிக் குறுக்குவழியின் பண்புகளில் முகவரி ஏதும் வாலாக ஒட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வீட்டுக் கணினியின் குரோம் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று சொன்னால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ் பகுதியில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நல்ல ஆன்டிவைரஸ் கூட அப்படி எழுதுவதுண்டு. ஆகவே என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, பிறகே அழியுங்கள். கடைசியாக, விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். அது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே சோதிப்பதால், பண்ருட்டிக்காரர் லினக்ஸில் பெற்ற அதே வசதி இதிலும் உண்டு. இன்னொன்று: அந்த மென்பொருளின் பெயரோடு "நீக்குவது எப்படி" என்று தேடினால் முதலில் வரும் பக்கங்களில் பல, நீக்கித் தருவதாகச் சொல்லி இன்னொன்றை நிறுவச் சொல்லும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

வில்லியனூர்

பெரியம்மா வீட்டுத் திரையில் "உடனே அழையுங்கள்" என்று ஓர் எண் வந்தது, அழைத்துவிட்டார். பேசியவன் சொன்னபடி ஒரு தொலைநிலை மென்பொருளை நிறுவினார். மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, அவருடைய வங்கிப் பக்கத்தின் மேல் போய் நின்றது. பெரியம்மா சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார், பணம் தப்பியது. சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொன்னோம். மென்பொருளின் சாளரத்தை மூடினாலும் அது சேவையாக ஓடிக்கொண்டிருந்தது; சர்வீசஸ் பட்டியலில் நிறுத்திய பிறகே நீக்க முடிந்தது. இப்போதும் அவர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தால் முதலில் கையை எடுத்துவிட்டு, அம்பு அசைகிறதா என்று பார்க்கிறார்.

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

அனைவருக்கும் நன்றி. ஃபார்மட் பற்றி அச்சுக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அப்பாவின் கணக்குக் கோப்புகள் 1998 முதல் அதில் இருக்கின்றன, அவற்றின் எழுத்துருக்களை மறுபடி தேடிச் சேர்ப்பது எளிதன்று. ஆனால் தேடிக் கிடைத்ததைத்தான் அழிக்க முடியும் என்று அவர் எழுதியது சரியாகிவிட்டது.

முத்தியால்பேட்டை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மாலை அப்பா வீட்டுக்குப் போய்க் குரோமைத் திறந்தேன். "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி பட்டியலின் அடியில் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில், தேடும் பக்கத்தை மாற்றி வைக்கும் இரண்டு வரிகள் மட்டும் இருந்தன; சேமித்துக்கொண்டு அழித்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியையும் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டார். நான் எழுந்தபோது, அந்த வரி எப்போதிலிருந்து இருந்திருக்கும் என்று கேட்டார். கோப்புகளின் தேதியைப் பார்த்தால், சிவப்புப் பட்டை வந்த அதே நாள். என் மகனுக்காக நான்தான் அன்று ஒரு இலவச வீடியோ மாற்றியை இறக்கி, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்தி நிறுவியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் நோட்டில் அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டார்.