‘கெட்’ வெர்புக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கு?

புதுசா_சேந்தவன்:
பாஸ், இந்த கெட் என்னைய போட்டு படுத்துது. கிடைக்கிறதுன்னு ஸ்கூல்ல படிச்சோம், ஆனா கால்ல கிளையன்ட் ‘ஐ டோன்ட் கெட் இட்’ங்கிறான், இன்னொருத்தர் ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ங்கிறாரு, நேத்து நான் ‘ஐ கட் மை ஹேர்’னு சொன்னதுக்கு நீயேவான்னு கேட்டு சிரிக்கிறாங்க. எங்க தப்பு?

டீக்கடை_பெஞ்சு:
சலூன்காரர் வெட்டினா ‘ஐ காட் மை ஹேர் கட்’. நம்மூர்ல முடி வெட்டிட்டு வந்தேன், பல்லு புடுங்கிட்டு வந்தேன்னா நீயே கத்திரி எடுத்தியான்னு எவனும் கேக்க மாட்டான், இங்கிலீஷ்ல அப்படி விட்டா நீயே பண்ணதா ஆயிடும். அதுதான் மேட்டர்.

ராத்திரி_ஷிஃப்ட்:
மத்ததுக்கு நம்ம ‘ஆகுது’வ போட்டுப் பாருங்க, கெட்டிங் லேட்னா லேட்டாகுது, கெட்டிங் டயர்டுனா டயர்டாகுது, பாதி குழப்பம் தீந்துடும். டோன்ட் கெட் இட்னா புரியல, அவ்ளோதான். அப்புறம் பஸ்ல இருந்து ‘கெட் டவுன்’ நம்ம நாட்டு சரக்கு, அவங்களுக்கு பஸ்னா கெட் ஆஃப், கார்னா கெட் அவுட், அத கேட்டு தொரத்துறாங்கன்னு நெனச்சுக்காதீங்க. அமெரிக்காக்காரன் ‘ஹேஸ் காட்டன் பெட்டர்’னு சொன்னா அது பருத்தி இல்ல, இதே கெட்தான், பிரிட்டிஷ்காரன் அங்க வெறும் காட்தான் போடுவான்.

புதுசா_சேந்தவன்:
அப்போ பைக்க சர்வீஸ் விட்டு எடுத்தேன்னா ‘ஐ காட் மை பைக் சர்வீஸ்டு’ கரெக்டா?

டீக்கடை_பெஞ்சு:
கரெக்ட். பில்லு எவ்ளோ ஆச்சு?