மூன்று மாடி வணிகக் கட்டடத்துக்கு ஸ்டக்கோ: எத்தனை நாள் ஒதுக்கலாம்?

கேள்வி:
கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். வெளிச்சுவரில் கம்பி வலை அடித்து மூன்று பூச்சு ஸ்டக்கோ (சிமென்ட், மணல் கலந்த வெளிச்சுவர்ப் பூச்சு) போடப் போகிறோம். கடைகளை மூடாமல் முடியுமா?

பதில் 1:
முடியும். ஒவ்வொரு பக்கமாகச் சாரம் கட்டுங்கள், வாசலுக்கு மேல் பலகைத் தடுப்பு கட்டாயம். நாள் கணக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் பூச்சு 10 மி.மீ., ஈரம் இருக்கும்போதே கிடைமட்டமாகக் கீறிவிட வேண்டும். இரண்டாவதும் அதே கனம். அதைக் காயவிடாமல் நனைத்து, ஒரு வாரமாவது விட்டு, அப்புறம்தான் 3 மி.மீ. கடைசிப் பூச்சு. திறப்பு விழா அவசரத்தில் மூன்றே நாளில் முடித்த ஒரு சுவரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜன்னல் மூலையிலிருந்தும் சாய்வாக விரிசல், நகம் நுழையும் அளவுக்கு. மனசு கேட்கவில்லை.

கேட்டவர்:
சரி, விரிசலைத் தடுக்க?

பதில் 1:
கன்ட்ரோல் ஜாயின்ட், அதாவது பூச்சைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் இணைப்புக் கோடு. ஒரு கட்டம் சுமார் 13 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜன்னல் விளிம்புகளை ஒட்டி வருமாறு வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

பதில் 2:
பெயர்ப்பலகைத் தாங்கி, ஏசி குழாய்த் துளை எல்லாம் பூச்சுக்கு முன்பே முடியட்டும். அடியில் தண்ணீர் வடியும் பட்டை மண்தரைக்கு 10 செ.மீ. மேலே இருக்கட்டும்.