அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: போன மாசம் அப்பா தவறிட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர், 1971 போருக்குப் போனது தெரியும், ஆனால் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனையோடு ஒரு வட்டப் பதக்கம், ஒரு நட்சத்திரம், துருப்பிடித்த ஷேவிங் செட். எந்த முனையில் இருந்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1: நட்சத்திரத்தில் என்ன பொறித்திருக்கிறது, பாருங்க. பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு, அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம். பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. வட்டமானது அந்தப் போருக்கான சங்ராம் மெடலாக இருக்கலாம், விளிம்பில் படை எண் இருக்கும். அதையும் படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் வைத்து, மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவணங்களை வைத்திருக்கும் வெலிங்டன் (நீலகிரி) ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். அம்மா இருந்தால் முதலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதிய வேலையைப் பாருங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

பதில் 2: பாலிஷ் போட்டுத் தேய்ச்சிடாதீங்க, எழுத்து மங்கிடும். எங்கப்பா 1965 போருக்குப் போன ஆள். தீபாவளி வெடிக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உள்ரூமில் போய் உட்கார்ந்துகொள்வார், பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

கேட்டவர்: பார்த்தேன், பூர்விதான். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள் டிசம்பர் 16 இல்லையா? வருஷா வருஷம் அன்றைக்கு விடியக்காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறார் என்றே நினைத்திருந்தேன்.