கோரியோகிராபர்: “நடன இயக்குநர்” போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க கோரியோகிராபர் ட்வைலா தார்ப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். மிலோஷ் ஃபோர்மனின் ‘ஹேர்’ (1979), ‘அமேடியஸ்’ (1984) படங்கள் வரை “நடன இயக்குநர்” என்றே ஓட்டிவிட்டேன். 2002இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் வந்த ‘மூவிங் அவுட்’டில் மாட்டிக்கொண்டேன். நாடகத்தை இயக்கியதும் அவர்தான், ஆட்டங்களை அமைத்ததும் அவர்தான். நாடகத்துக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது ஆட்டங்களை அமைத்ததற்கு மட்டும். “இயக்கினார், நடனத்தையும் இயக்கினார்” என்று எழுதினால் என்ன விளங்கும்? உதவுங்கள்.

———

தம்பி, சிலம்பின் அரங்கேற்று காதையிலேயே விடை இருக்கிறது. ஆடலாசானுக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் “பலவகைக் கூத்தும் விலக்கினிற் புணர்த்து” என்கிறார் இளங்கோ. புணர்த்தல் என்றால் சேர்த்து அமைத்தல். ஆகவே ஆடற்புணர்ப்பு, ஆடற்புணர்ப்பாளர். கிரேக்க மூலத்தின் பின்பாதி ‘எழுதுதல்’ என்பதால் “ஆடல்வரைவு” என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1700இல் ஃபூயே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் ‘கோரியோகிராஃபி’ என்ற பெயரில் நூல் போட்டபோது, அசைவுகளைக் குறியீட்டில் எழுதிவைக்கும் முறைக்குத்தான் அது பெயர். இன்றைய பொருள் பிறகு வந்தது. அந்த வரியில் வரும் ‘விலக்கு’ கூத்தின் உறுப்புகளைக் குறிக்கும்; சிலம்பின் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ‘பொருள்’ தொடங்கிச் ‘சேதம்’ வரை பதினான்கு உறுப்பு சொல்வார், அதைத் தனியாக எழுதுகிறேன்.

———

ஐயா, மன்னிக்க வேண்டும். வகுப்பில் புணர்ச்சி விதி எடுக்கும்போதே பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் பொருள் சரிதான், ஆனால் அந்தச் சொல்லை இன்று மேடையில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வாசிக்க முடியாது. “நடன அமைப்பாளர்” போதும்.

———

அக்கா, அமைப்பாளர் என்றதும் எங்கள் ஊரில் கட்சி அமைப்பாளர்தான் நினைவுக்கு வருவார். படப்பிடிப்பில் எல்லாருக்கும் “மாஸ்டர்”, டைட்டிலில் “நடனம்” என்று போட்டு அடுத்து பெயர். பாட்டுக்கு ஸ்டெப் போட்டுக் கொடுப்பவர் என்று ஊருக்கே தெரியும், இதற்கு ஏன் புதுச்சொல்?

———

பாட்டே இல்லாவிட்டால்? தார்ப் 1970இல் செய்த ‘தி ஃபியூக்’கில் மூன்று பேர் பூட்ஸ் காலோடு, மிதிச்சத்தம் பெரிதாகக் கேட்கும்படி செய்த தரையில் ஆடுவார்கள். வாத்தியம் கிடையாது, குதிகால் தட்டுவதுதான் தாளம். இருபது எண்ணிக்கை கொண்ட ஒரே அடவுக்கோவை, அதையே திருப்பியும் கலைத்தும் இருபது விதமாக ஆடுகிறார்கள். எனக்கு இது செய்யுளில் வரும் அசை, சீர், தளை போலத்தான் தெரிகிறது, அதனால் “ஆடல் யாப்பு” என்று முன்வைக்கிறேன். ‘மூவிங் அவுட்’டிலும் அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் பாட்டுகளை ஒருவர் பாடிக்கொண்டிருக்க, வசனமே இல்லாமல் கதையைச் சொல்வது ஆடுகிறவர்களின் உடம்புதான். அதைக் கட்டியவரை “ஸ்டெப் போடுபவர்” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

———

யாப்பு அழகாக இருக்கிறது, ஆனால் செய்யுள் படித்தவருக்குத்தான் எட்டும். நான்கு பேர் தனிமடலிலும் “அமைப்பு” என்றே எழுதியிருக்கிறார்கள். பெயர்ச்சொல்லை விட்டு வினையாக எழுதினால் கட்சிக் குழப்பமும் வராது: “நாடகத்தை இயக்கி, நடனமும் அமைத்தார்.” அப்படியே அனுப்புகிறேன். நன்றி.

———

அனுப்புங்கள் தம்பி, கெடு உங்களுடையது. ஆனால் மேடை அமைப்பதும் பந்தல் அமைப்பதும் அமைப்புதான், அந்த வேலைக்கே உரிய சொல் இன்னும் கிடைக்கவில்லை. புணர்ப்பை நான் விடுவதாக இல்லை. விலக்குறுப்பு பற்றி நாளை எழுதுகிறேன்.