உதவி தேவை: கதவுப் பட்டைகளில் ஒட்டிய வினைல் படலம் உரிகிறது, ஏர்பேக் விளக்கும் அணையவில்லை

வளைவுச்சாலை

வணக்கம். என் காரின் உட்புறத்தை நானே புதுப்பிக்கத் தொடங்கி, பாதி வழியில் நிற்கிறேன். டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் அலங்காரப் பட்டை, நான்கு கதவுகளிலும் கைப்பிடியை ஒட்டியிருக்கும் பட்டைகள், கியரைச் சுற்றியுள்ள சட்டம் எல்லாம் கீறல் விழுந்து வெளிறியிருந்தன. அவற்றைக் கழற்றி, மெல்லிய கோடுகளிட்ட அலுமினியம் போலத் தோன்றும் வினைல் படலத்தை ஒட்டினேன். ஒட்டிய அன்று மிக அழகாக இருந்தது.

சில வாரங்களில் படலம் கிளம்பத் தொடங்கிவிட்டது. கியர் சட்டத்தில் உட்குழிவான இடங்களில் மட்டும் கூடாரம் போல எழும்பி நிற்கிறது. கதவுப் பட்டைகளிலோ ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாகவே கையோடு வந்துவிடுகிறது. டேஷ்போர்டுப் பட்டையில் இதுவரை குறையில்லை, ஆனால் அதன் ஒரு முனையில் படலம் சற்றுச் சுருங்கியது போலத் தெரிகிறது. ஒரே படலம், ஒரே கை, ஒரே நாள். அப்படியிருக்க ஏன் இவ்வளவு வேறுபாடு?

கியர் சட்டத்தின் பின்பக்கத் திருகாணியை எட்டுவதற்காக ஓட்டுநர் இருக்கையைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்போது இருக்கையின் அடியிலிருந்த மஞ்சள் கனெக்டரைப் பிரித்தேன். இடையில் கண்ணாடியை இறக்குவதற்காகச் சாவியைத் திருப்பினேன். அன்றிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கனெக்டரைத் திரும்பச் செருகியும் அணையவில்லை. மல்டிமீட்டர் வைத்து அந்தக் கம்பியைச் சோதிக்கலாமா?

இன்னொன்று: மீதமிருக்கும் படலத்தைப் பயணி இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் மேற்பரப்பில் ஒட்ட நினைத்திருந்தேன். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

மின்கம்பி

நண்பரே, படலம் காத்திருக்கட்டும். முதலில் ஏர்பேக். நீங்கள் பிரித்த மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது. மல்டிமீட்டரை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். மின்தடையை அளக்க மீட்டர் தானே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தும். ஏர்பேக்கைத் தூண்டும் திரி மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பற்றும்படி செய்யப்பட்டது. இருக்கையோரம் குனிந்திருக்கும்போது அது வெடித்தால் முகத்திலும் கையிலும்தான் அடிக்கும்.

விளக்கு ஏன் எரிகிறது என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கனெக்டர் பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பியதால், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி சுற்று அறுந்திருப்பதைக் கண்டு அதைப் பிழையாகப் பதிவுசெய்துவிட்டது. பல கார்களில் கம்பியைத் திரும்ப இணைத்தாலும் அந்தப் பதிவு தானாக அழிவதில்லை. கண்டறியும் கருவி கொண்டுதான் அழிக்க வேண்டும். எஞ்சின் பிழைகளை மட்டும் படிக்கும் சாதாரணக் கருவிக்கு ஏர்பேக் பெட்டியோடு பேசத் தெரியாது. அந்த வசதி உள்ள கருவியா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது ஒரு பட்டறையில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். உங்கள் கார்க் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். பிறகு கனெக்டரைப் பிரித்து, அதன் பூட்டு சரியாக விழும் ஓசை கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். அரைகுறையாகச் செருகியிருப்பதும் அடிக்கடி காணும் காரணம். அழித்த பின்னும் பிழை திரும்ப வந்தால் அதற்கு மேல் நீங்கள் கைவைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். விளக்கு எரியும்வரை, மோதலில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று எண்ணிக்கொண்டே ஓட்டுங்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

பயணிக்கு எதிரே உள்ள மேற்பரப்பில் படலம் ஒட்டவே கூடாது. பல கார்களில் பயணியின் ஏர்பேக் அங்கிருந்துதான் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிழிய வேண்டிய கோடு உட்பக்கத்தில் மெலிதாக்கப்பட்டிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் மேல் ஒட்டும் எதுவும் அந்தக் கிழிசலைத் தாமதப்படுத்தலாம், அல்லது துண்டாகப் பறந்து வரலாம். முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களை மூடும் உறைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திரை ஏர்பேக் உள்ள கார்களில் அவற்றின் பின்னால் பை மடிந்திருக்கும்.

படலம்ஒட்டி

மேற்பரப்பு வேண்டாம் என்பதற்கு நான் இன்னொரு காரணமும் சொல்வேன். உலோக மினுக்குள்ள படலத்தை டேஷ்போர்டின் மேல் ஒட்டினால் வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். கார் நிறுவனங்கள் அந்த இடத்தை மங்கலான கறுப்பில் விட்டுவைப்பது காரணத்தோடுதான்.

இப்போது உரிதல். நீங்கள் சொல்வதைக் கேட்டால் இது ஒரு கோளாறு இல்லை, மூன்று. பதில் சொல்லுமுன் சில விவரங்கள் வேண்டும். ஒவ்வொரு பட்டையின் பின்புறத்திலும் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள். கழன்ற இடத்தில் பசை எங்கே தங்கியிருக்கிறது, படலத்திலா, பிளாஸ்டிக்கிலா? படலம் வார்ப்பு வகையா (திரவமாக ஊற்றிச் செய்தது), உருளை வகையா (உருளைகளில் நசுக்கிச் செய்தது)? ஒட்டுமுன் எதைக் கொண்டு துடைத்தீர்கள்? எதைக் கொண்டு சூடேற்றினீர்கள்?

வளைவுச்சாலை

நன்றி மின்கம்பி, பேட்டரி முனையைக் கழற்றிவிட்டேன். மேற்பரப்பு யோசனையைக் கைவிட்டேன்.

பார்த்தேன். கியர் சட்டத்தில் ஏபிஎஸ் என்று இருக்கிறது. டேஷ்போர்டுப் பட்டையில் பிசி+ஏபிஎஸ். கதவுப் பட்டைகளில் பிபி-டிடி20. கதவுப் பட்டையில் மெல்லிய தோல் போன்ற சொரசொரப்பும் உண்டு. அங்கே பசை முழுவதும் படலத்தோடு வந்துவிட்டது, பிளாஸ்டிக் துடைத்தது போலச் சுத்தமாக இருக்கிறது. டேஷ்போர்டுப் பட்டையின் முனையில் படலத்துக்கு வெளியே மெல்லிய கோடாகப் பசை தெரிகிறது. படலத்தின் உறையில் வகை எதுவும் எழுதவில்லை, ஆனால் சற்றுத் தடிமனானது. துடைத்தது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால். பல காலமாக உட்புறத்துக்குப் பளபளப்புத் திரவம் பூசி வந்திருக்கிறேன். சூடேற்றியது தலைமுடி உலர்த்தியால்.

படலம்ஒட்டி

இவ்வளவு போதும். நீங்கள் பார்த்துச் சொன்ன பசைதான் முக்கியமான சாட்சி.

டேஷ்போர்டு முனையில் பசைக்கோடு வெளியே தெரிகிறது என்றால், பசை இருந்த இடத்திலேயே இருக்கிறது, படலம்தான் பின்வாங்கிவிட்டது. உருளை வகைப் படலத்தின் குணம் இது. சூடான வினைலை உருளைகளுக்கு இடையே நசுக்கி இழுத்துத் தாளாக்குவதால், அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். வெப்பம் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். வார்ப்பு வகையைத் திரவமாக ஊற்றி உலர்த்துவார்கள். அதில் இழுவிசை இல்லை, மெலிதாகவும் இருக்கும், வளைவுக்குப் பணியும். தட்டையான பட்டைக்கு உருளை வகை போதும், கியர் சட்டம் போன்ற மேடு பள்ளத்துக்கு வார்ப்பு வகையைத் தவிர வேறு எதையும் நான் தொடமாட்டேன்.

கியர் சட்டத்தின் குழிவில் எழும்பியதும் இதே இழுவிசையின் வேலைதான், ஆனால் அதில் உங்கள் இழுப்பும் சேர்ந்திருக்கிறது. மேட்டிலிருந்து மேட்டுக்குப் படலத்தை நீட்டிவிட்டுப் பிறகு பள்ளத்துக்குள் அழுத்தினால், அது ஒரு நாண் போல இறுகி நிற்கும். முதலில் பள்ளத்தில் அமர்த்தி, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். நீட்டிய இடங்களை ஒட்டி முடித்த பிறகு மறுபடி சூடேற்றிப் படலத்தின் நினைவை, அதாவது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும் குணத்தை, அழிக்க வேண்டும். பல வார்ப்புப் படலங்களுக்கு இது 90 டிகிரிக்கு மேல் தேவைப்படும். உங்கள் படலத்தின் குறிப்புத்தாளில் சரியான எண் இருக்கும். தலைமுடி உலர்த்தி படலத்தை இளக்கும், ஆனால் அந்த வெப்பத்தைப் பரப்பு முழுக்கச் சீராகத் தராது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் அகச்சிவப்பு வெப்பமானியும் வேண்டும். கவனம்: ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். இடைவெளி மிகக் குறுகியது. காற்றை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். மெல்லிய படலம் சட்டென்று சூடாகும், கீழேயுள்ள பிளாஸ்டிக் மெதுவாகத்தான் சூடாகும். அந்த நேர வேறுபாடுதான் உங்களைக் காப்பாற்றும்.

கதவுப் பட்டை முற்றிலும் வேறு கதை. பிபி என்பது பாலிபுரோப்பிலீன், டிடி20 என்பது அதில் 20 விழுக்காடு டால்க் தூள் கலந்திருப்பதைச் சொல்கிறது. பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, எந்தப் பசையும் அதை எளிதில் பற்றாது. அதனால்தான் பசை முழுதும் படலத்தோடு வந்துவிட்டது. சுத்தம் செய்யவில்லை என்பதால் மட்டும் இப்படி ஆகவில்லை. நன்றாகச் சுத்தம் செய்த பாலிபுரோப்பிலீனிலும் தண்ணீர் பரவாமல் துளித்துளியாகத்தான் நிற்கும். அதனால் சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையை இதில் நம்பக் கூடாது.

பளபளப்புத் திரவத்தையும் விட்டுவிட முடியாது. அவற்றில் பலவற்றில் சிலிகோன் எண்ணெய் இருக்கும். ஆல்கஹால் அதைச் சரியாகக் கரைக்காது, பரப்பி மட்டும் விடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, சிலிகோன் நீக்கும் கரைப்பானால் துடைத்து, கடைசியில்தான் ஆல்கஹால். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. தின்னரும் அசிட்டோனும் வேண்டாம், ஏபிஎஸ்ஸைத் தின்றுவிடும்.

கதவுப் பட்டையின் சொரசொரப்பை 320, பிறகு 400 எண் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுக் கையாலேயே தேய்த்து மட்டமாக்குங்கள். எந்திரம் வைத்தால் பாலிபுரோப்பிலீன் உருகிப் பஞ்சு போலப் பிசிறும். பிறகு பாலிபுரோப்பிலீனுக்கென்றே உள்ள ஒட்டுமைப் பிரைமரை (பசை பற்ற உதவும் அடிப்பூச்சு) மெல்லிய ஒரே பூச்சாக அடித்து உலரவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிரைமர் பட்ட இடத்தில் படலம் விழுந்தால் எடுத்து மறுபடி வைக்க முடியாது என்பதால் முதல் முறையே சரியாக வைக்க வேண்டும்.

தையலூசி

படலம்ஒட்டி சொன்னவை சரியானவைதான். ஆனாலும் கதவுப் பட்டைக்குப் படலமே வேண்டாம் என்பது என் கருத்து. முழங்கை உரசும் இடம், வியர்வை படும் இடம். உட்புற உறை தைக்கும் வேலையில் நான் பார்த்தவரை, துணியோ செயற்கைத் தோலோ அங்கே நீண்ட நாள் நிற்கிறது. காரணம், துணியைப் பசை மட்டும் தாங்குவதில்லை. விளிம்பைப் பின்பக்கம் மடித்துக் கொக்கிகளுக்கு அடியில் இறுக்கிவிடலாம். பாலிபுரோப்பிலீன் என்பதால் பிரைமர் அதற்கும் தேவைதான். வெப்பம் தாங்கும் பசையாகப் பாருங்கள், வீட்டுப் பசை கோடை வெயிலில் இளகி ஓடிவிடும்.

துணி எடுக்கும்போது வாகனத்துக்கென்று நெய்ததையே எடுங்கள். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி, காருக்குள் வைக்கும் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாகப் பரவக் கூடாது. திரைச்சீலைத் துணியை யாரும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

படலம்ஒட்டி

முழங்கை உரசும் இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டை கைப்பிடிக்கு மேலே இருந்தால் படலம், கீழே கை ஊன்றும் இடத்தில் இருந்தால் துணி என்று முடிவு செய்யுங்கள்.

வளைவுச்சாலை

பட்டறையில் பிழைப்பதிவை அழித்துவிட்டார்கள், ஏர்பேக் விளக்கு திரும்ப வரவில்லை. மின்கம்பிக்கு மனமார்ந்த நன்றி. கியர் சட்டத்துக்கு வார்ப்புப் படலம் வாங்கி ஒட்டினேன், குழிவுகள் அசையாமல் இருக்கின்றன. கதவுப் பட்டைகள் கைப்பிடிக்கு மேலேதான் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பிரைமர் அடித்துப் படலம் ஒட்டி வெயிலில் வைத்திருக்கிறேன். அது நின்றால் மற்றவை.

மாட்டிய கதவில் மேடு பள்ளம் ஏறும்போது கிறீச்சென்று ஒலி வருகிறது. முன்பு இல்லை. மேலும் படலத்தைப் பின்பக்கம் எவ்வளவு மடிக்க வேண்டும்?

மின்கம்பி

ஒலிக்கு இரண்டு இடம் பாருங்கள். கழற்றும்போது சில கிளிப்புகள் பலகையை விட்டுக் கதவின் இரும்புத் துளையிலேயே தங்கிவிடும். அவற்றை எண்ணிப்பார்த்து, பல் தேய்ந்தவற்றையும் உடைந்தவற்றையும் மாற்றுங்கள். விலை சொற்பமான பொருள் அது, பழையதையே திணிக்காதீர்கள். அடுத்து, படலம் பூசிய விளிம்பு பக்கத்துப் பிளாஸ்டிக்கோடு உரசினால் வினைல் கத்தும். கம்பிகளைச் சுற்றும் கம்பளி போன்ற துணிநாடாவை உரசும் இடத்தில் ஒட்டுங்கள். எந்த இடம் என்று தெரிய, வேறு ஒருவர் ஓட்டும்போது பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், ஒலி நிற்கும் இடமே அது.

கதவுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தடுப்புத் தாள் கிழியாமல், சுற்றிலும் பசை பற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது திறந்திருந்தால் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் காருக்குள் வந்து கால்மிதி நனையும்.

படலம்ஒட்டி

மடிப்பு 6 மில்லிமீட்டராவது இருக்கட்டும். மூலைகளில் படலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி முக்கோணமாக வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இரட்டைத் தடிமன்தான் பட்டையைத் தள்ளி நிற்கச் செய்து நீங்கள் சொல்லும் ஒலியையும் கூட்டும். கிளிப் அமரும் குழிகளுக்குள் படலம் போகவே கூடாது. சோதனைப் பட்டையைப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் படும்படி விட்டு, ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்த பிறகு மற்ற மூன்றையும் தொடங்குங்கள்.