வைரஸ் தாக்கிய சுண்டெலியும் கூடங்குளமும்: பயப்பட வேண்டுமா?

ராதாபுரத்தான்:
வைரஸ் தொற்றிய சுண்டெலிக்கு இரத்தம் ஊறுவது குறைகிறது, அந்த நிலையில் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தியும் குறையலாம் என்று படித்தேன். 2012இல் டெங்கு நம் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதைக் கடையநல்லூர்க்காரர்கள் சொல்வார்கள். டெங்குவால் இரத்தத் தட்டணு குறைந்து கிடக்கும் உடம்புக்கும், திடமான உடம்புக்கும் ஒரே கதிர்வீச்சு வரம்பா? அணு உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் கேட்கிறேன்.

பாளை ஆசிரியை:
அண்ணாச்சி, அளவைப் பாருங்கள். அந்தச் சோதனைகளில் எலியின் முழு உடம்பிலும் 7 முதல் 9 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வரை பாய்ச்சுகிறார்கள். இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடுவதால் பாதி எலிகள் 30 நாளுக்குள் இறக்கின்றன. உலையால் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்போ ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடம்புக்கு வரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு). காமாக் கதிரில் 1 கிரே என்பது 1000 மில்லிசீவர்ட். ஏழாயிரம் மடங்கு வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பேசினால், காய்ச்சலில் கிடப்பவரைத்தான் மேலும் கலங்கடிப்போம்.

ராதாபுரத்தான்:
வரம்பு என்பது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளுக்கு. 2011 மார்ச்சில் புகுஷிமாவில் எந்த வரம்பு நின்றது?

களக்காட்டு விவசாயி:
இருவரும் எலியை விட்டுவிட்டீர்கள். மஜ்ஜையில் உறங்கும், இரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் குதிரில் வைத்த விதைநெல் போன்றவை. வைரஸ் வந்தால் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கிறது. அது உறங்கும் செல்லை எழுப்பிப் பிரிய வைக்கிறது. எலிகளில் இதைக் காட்டிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. எழுந்த செல்களைப் புற்றுநோய் மருந்தொன்று எளிதில் அழித்ததையும் அதில் பார்த்தார்கள். கார், பிசானம் என்ற நெல் பருவங்களைப் பாராமல் விதைநெல்லை இறைத்தால் குதிரில் என்ன மிஞ்சும்?

ஆனால் இது ஒருவழிப் பாதை அல்ல. காய்ச்சலின்போது சுரக்கும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைக் கதிர் பாய்ச்சுவதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் முன்பு கொடுத்தால், எலிகள் அதிகம் பிழைக்கின்றன. எந்த வைரஸ், தொற்றி எத்தனை நாள் என்பதைச் சொல்லாமல் ‘தாங்காது’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. தவிர, வளர்ந்த எலிக்கு மண்ணீரலிலும் இரத்தம் ஊறும். நமக்கு மஜ்ஜைதான் கதி.

பாளை ஆசிரியை:
காய்ச்சலும் கதிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உண்மையான இடம் கதிர் சிகிச்சை வார்டு. என் அம்மாவுக்கு இடுப்புப் பகுதியில் தினம் 2 கிரே கொடுத்தார்கள். பெரியவர்களின் மஜ்ஜையில் கணிசமான பங்கு இடுப்பெலும்பில் இருக்கிறது. நடுவில் காய்ச்சல் வந்தது. சிகிச்சை நின்றுவிடுமே என்று பயந்து நான்கு நாள் மறைத்தோம். பிறகு இரத்தம் பார்த்தபோது வெள்ளணு அடியோடு இறங்கியிருந்தது. அதில் எவ்வளவு காய்ச்சலால், எவ்வளவு கதிரால் என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நான்கு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

ராதாபுரத்தான்:
அம்மாவைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. அன்றாட நாளைப் பற்றிய உங்கள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், விபத்து நாளைப் பற்றியதை அல்ல. ஊரை வெளியேற்றும் ஒத்திகை நடக்கும்போது, காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கு முதல் பஸ்ஸில் இடம் கேட்பேன்.